ஒரு சாண் மேல தெரிஞ்ச சாவி

காலையில எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. தெரு முக்குல பூட்டி நிக்கிற அப்பாவோட சைக்கிளைத் திறந்து வாசலுக்குக் கொண்டு வரணும்.

அப்பாவுக்கு இட்லி வியாபாரம். தாராவியில இருந்து கொண்டுபோய், பக்கத்து ஏரியா சயான்ல ஆபீஸ் பஸ்ஸுக்கு நிக்கிறவங்ககிட்ட விப்பாரு. பஸ் ஏழு மணிக்கு. அது போயிட்டா மிச்ச இட்லியை நாங்கதான் தின்னணும்.

போற போக்குல தண்ணி டிரம்மை மூடிட்டுப் போவோம்னு, சாவியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு ரெண்டு கையாலயும் மூடியைத் தூக்கினேன். அப்ப பார்த்து அப்பா, "ஏட்டி, சாவியை எடுத்தியா?"ன்னாரு.

"எடுத்துட்டேம்பா"ன்னு வாயைத் திறந்து சொன்னேன்.

டொபுக்.

மாத்துச் சாவி போன வருஷமே தொலைஞ்சு போச்சு. அதுவும் என் கையாலதான்.

டிரம்மைக் கவுத்துற பேச்சே கூடாதுன்னு அம்மா அடுப்படியில இருந்தே சொல்லிட்டா. குழாய்ல இனி நாளைக்குக் காலையிலதான் தண்ணி. மாத்தி ஊத்தவும் பாத்திரம் இல்ல. எல்லாத்துலயும் இட்லியும் சாம்பாரும்.

எட்டிப் பார்த்தேன். சாவி அடியில பளிச்சுன்னு கெடக்கு. கை எட்டுற தூரந்தான். தோள் வரைக்கும் விட்டேன். எட்டல. மறுபடி பார்த்தேன். எட்டும்போலத்தான் இருக்கு. மறுபடி விட்டேன். எட்டல.

சரின்னு கொக்கி வச்ச கம்பி ஒண்ணை எடுத்தேன். சாவியைப் பார்த்து நேரா விட்டா, அது சாவிக்கு அந்தப் பக்கம் போய்க் குத்துது. கவனிச்சுப் பார்த்தா, தண்ணிக்குள்ள கம்பி வளைஞ்சிருக்கு.

வெளிய எடுத்தேன். நேராத்தான் இருந்துச்சு. உள்ள விட்டேன். வளைஞ்சிருந்துச்சு.

கம்பியில கோளாறுன்னு முடிவு பண்ணி, முழங்கால்ல வச்சு எதிர்ப்பக்கமா வளைச்சேன். இப்ப வெளியவும் கோணல், உள்ளயும் கோணல்.

அப்பா மணியைப் பார்த்தாரு. ஆறரை. எனக்குப் பொறுமை போச்சு. ஸ்டூலைப் போட்டு ஏறி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் தலையோட உள்ள இறங்கிட்டேன். தண்ணி ஏறவும் கண்ணை மூடிட்டேன். மூடுன மறுநிமிஷம் சாவி கையில தட்டுப்பட்டுது. கண்ணைத் திறந்து வச்சிருந்தவரைக்கும் கிடைக்கவே இல்ல பாருங்க.

ஆனா மேல வர முடியல. ரெண்டு கையையும் விளிம்புல ஊணலாம்னு சாவியைத் திரும்பவும் பல்லுல கடிச்சேன். அதுக்குள்ள அப்பா ரெண்டு காலையும் பிடிச்சு, கிணத்துல விழுந்த வாளியை இழுக்கிற மாதிரி இழுத்துப் போட்டாரு.

"கெடைச்சுதாட்டி?"

நான் வாயைத் திறக்கல.

"ஏட்டி, கேக்கம்லா? கெடைச்சுதா இல்லியா?"

திறப்பேனா? எழுந்து போய் அவர் உள்ளங்கையில துப்பினேன்.

அம்மா டிரம்மை எட்டிப் பார்த்தா. என் தலையில வச்ச தேங்காய் எண்ணெய் வட்டம் வட்டமா மிதக்குது. "கோட்டிக்காரி, இதை யாரு குடிக்க?"ன்னா. பக்கத்து வீட்டு மராத்திக்கார அக்காகிட்ட ரெண்டு குடம் கடன் வாங்கினோம்.

அப்பா ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தாரு. அண்டாவுல பாதி அப்படியே இருந்துச்சு. அவர் போய்ச் சேரும்போது பஸ் கிளம்பிக்கிட்டு இருந்துதாம், ஜன்னல் வழியா பாதிதான் விக்க முடிஞ்சுதாம்.

பஸ்ஸை விட்டுட்டு நின்ன ஒரு சார்கிட்ட முழுக் கதையும் சொல்லியிருக்காரு. அதுக்கு அந்த சார், தண்ணியில இருந்து வெளிய வர்ற வெளிச்சம் கொஞ்சம் திரும்பும், அதனால அடியில கெடக்கிற பொருள் ஒரு சாண் மேல தெரியும், கம்பி வளைஞ்சு தெரியறதும் அதனாலதான்னு சொன்னாராம். எல்லாம் பத்தாங்கிளாஸ் பாடமாம்.

"நீயும் பத்தாங்கிளாஸ் போனியேட்டி"ன்னு அப்பா என்னையே பார்த்தாரு.

போனேன். தண்ணியில வச்ச பென்சில் ஏன் வளைஞ்சு தெரியுதுன்னு பரீட்சையில கேட்டிருந்தாங்க. "பென்சில் சரியில்லை"ன்னு எழுதிட்டு வந்தேன். அதோட சரி, பள்ளிக்கூடம் முடிஞ்சுது.

மத்தியானமும் இட்லி. ராத்திரியும் இட்லி.