பிரஷர் அண்ணன் ஊற்றிய எண்ணெய்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓடுகிற எண்ணெயெல்லாம் தன் உடம்புக்குள்தான் ஓடுகிறது என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் பிரஷர் அண்ணன். தகடு வளைக்கும் எங்கள் கம்பெனியில் ஹைட்ராலிக் பிரஸ்களைப் பார்த்துக்கொண்ட ஃபிட்டர். எதைக் கண்டாலும் “பிரஷர் இன்னா?” என்பார். கேன்டீன் இட்லியைக்கூட விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு பழைய கார் வாங்கினார். எங்களுக்குச் சனி பிடித்தது. மெக்கானிக் எவனையும் கிட்டே விடமாட்டார். ஷாக் அப்சார்பரைச் சோதிக்க, எங்களில் குண்டானவர்களாகப் பார்த்து பானெட்டில் ஏற்றிக் குதிக்கச் சொல்வார். பவர் ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் பிரஸ்ஸுக்கு ஊற்றுகிற அதே எண்ணெய்தான்.

“அண்ணே, பிரேக்குக்கு வேற ஆயில்னு சொல்றாங்களே?” என்று கேட்டேன் நான்.

“டேய், இரும்பையே வளைக்கிற ஆயிலு இது. உன் பிரேக்கு இன்னா பெரிய இதுவா?”

அந்த வாரமே எனக்கு ஆரணியில், பட்டுச்சேலை ஆரணி இல்லை, எங்கள் பக்கத்து ஆரணியில், பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. போட்டோவிலேயே பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் பஸ்ஸில் போய்விட்டார்கள், விவரமானவர்கள். நான் அண்ணன் காரில் ஏறினேன்.

கவரைப்பேட்டை தாண்டியதும் கருகல் வாசனை. வண்டி நின்றேவிட்டது. தப்பான எண்ணெயில் ஊறி ரப்பரெல்லாம் உப்பிப்போய், பிரேக் சக்கரத்தைக் கவ்விக்கொண்டு விடவில்லை. ராகு காலம் வேறு நெருங்கியது. அண்ணன் அடியில் படுத்து, பிரேக் எண்ணெயை வெளியே விடுகிற நிப்பிளைத் திறந்தார். எண்ணெய் பீய்ச்சி என் புதுச் சட்டையில் அடித்தது. சக்கரம் விடுபட்டது, கூடவே பிரேக்கும் போயிற்று.

“அண்ணே, பிரேக்கே இல்லியே!”

“ஹேண்ட் பிரேக் கீதுல்ல? சாமிய கும்புட்டுக்கினு குந்து.”

முதல் கியரில் ஊர்ந்தே போனோம். பெண் வீட்டு வாசலில் ஹேண்ட் பிரேக்கும் கைவிட்டது. அங்கிருந்த வைக்கோல் போரில் முட்டி நின்றோம். ஜன்னலுக்குள் பெண் சிரித்தாள். அவள் அப்பா சிரிக்கவில்லை.

“பிரேக் இல்லாத வண்டில வர்றவரு குடும்பத்த எப்டி ஓட்டுவாரு?”

பிரஸ் உடைந்தால் கரண்ட் மேல் பழி போடுகிற அண்ணன், தலையெல்லாம் வைக்கோலோடு முன்னால் வந்து கைகூப்பினார்.

“தப்பு என்னுது நைனா. கண்ட ஆயில ஊத்துனது நானு. இந்தப் புள்ள அப்பவே கேட்டான், நாந்தான் வாய அடச்சேன். என்னை எவ்ளோ வேணா திட்டுங்க. பொண்ண மட்டும் இவனுக்கே குடுங்க.”

ஆசை தீரத் திட்டிவிட்டுத்தான் பெண்ணைக் கொடுத்தார்கள். அந்தக் காரில் நான் மறுபடி ஏறவேயில்லை. ஆனால் கூடப்பிறந்த அண்ணன் இருந்திருந்தால்கூட, எனக்காக இப்படிக் கைகூப்பி நின்றிருப்பானா என்று எனக்குத் தெரியாது.