கவிழ்ந்த அரசின் கடைசி அமைச்சர்

"கட்! யாருங்க அது ஃப்ரேமுக்குள்ள?"

இயக்குநர் இளம்பரிதி கத்தியது அது பதினோராவது முறை. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் வறண்ட ஏரிக்குள் அவருடைய முதல் படத்தின் கடைசிக் காட்சி. போரில் நாடு அழிந்து, மிஞ்சிய நிலப்பரப்பு ஒரு மேசையளவுதான். அதற்கும் ஓர் அமைச்சர் உண்டு. படைத்தளபதி ஓர் எருமை. அந்த மேசைப் பக்கம் ஈ, காக்கைகூட வரக்கூடாது. படத்தின் உயிரே அதுதான்.

ஆனால் மேசைக்கு முன்னால் மனுவோடு பத்துப் பேர் நின்றார்கள்.

அமைச்சராக நடித்த சந்திரமோகன் உள்ளூர்க்காரர். எதிரில் நிற்பவரைப் பார்த்தும் பார்க்காத அந்த முகத்துக்காகவே இளம்பரிதி அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஒத்திகையே தேவைப்படவில்லை. ஆனால் நாளையிலிருந்து வர முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். இன்று விட்டால் படத்துக்கு முடிவே கிடையாது.

"மாது, ஒரு போர்டு வெச்சுடு," என்றார் உதவி இயக்குநரிடம்.

'இந்த அரசு கவிழ்ந்துவிட்டது. யாரும் வர வேண்டாம்' என்று எழுதி மாது நட்டுவைத்தான்.

"ஐயோ, முடிச்சுட்டுக் கெளம்பப் போறாராட்டம் இருக்குது! ஓடியாங்க!" என்று ஒரு குரல். வரிசை நாற்பதானது.

"பட்டாளத்த அனுப்பு!"

மரத்துப்பாக்கிகளோடு சிப்பாய்கள் பாய்ந்தார்கள். வரிசை நேரானது. துணை நடிகர்களும் உள்ளூர்தான். இரண்டு சிப்பாய்கள் வீட்டுக்கு ஓடித் தங்கள் மனுக்களோடு திரும்பி வந்து கடைசியில் நின்றுகொண்டார்கள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இளம்பரிதிக்கு அழுகையே வந்துவிட்டது. சந்திரமோகனிடம் ஓடினார்.

"சார், எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. சும்மா நடிப்புக்குத்தானே!"

சந்திரமோகன் பெருமூச்சு விட்டபடி தன் பையிலிருந்து ரப்பர் ஸ்டாம்பையே எடுத்தார். பாத்திரத்துக்காக இவ்வளவு தயாரிப்பா என்று இளம்பரிதி நெகிழ்ந்துபோனார்.

கையெழுத்து வாங்கியவர்கள் போனை எடுத்தார்கள். அரைமணி நேரத்தில் இரண்டு டிராக்டர் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். சூரியனும் இறங்கியது. காட்சி போயிற்று.

வரிசையின் முன்னால் நின்ற குள்ளம்மாளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார் இளம்பரிதி. "அம்மா, இது சினிமாங்க! போரு, கவுந்த நாடு எல்லாமே கற்பனை. இவரு நெஜ அதிகாரி இல்லீங்க!"

"சினிமா பொய்யாவே இருந்துட்டுப் போவுதுங்க சார்," என்றாள் குள்ளம்மாள், மனுவை மேசையில் வைத்தபடி. "இவரு எங்கூரு வி.ஏ.ஓ. தானுங்களே! ஆறு மாசமா ஆபீசுல புடிக்க முடியல. இங்கதான் காலைல ஒம்பது மணிக்கே வந்து உக்காந்துட்டாருன்னு சொன்னாங்க."