ராஜாத்திக்குக் குடிப் பர்மிட்

ஒரு படகுக்குக் குடிக்க அனுமதி கொடுத்த அரசாங்கம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது நம்முடையது. நிலாவுக்கு ஆள் அனுப்பியவர்களுக்கும் பூமிக்கு அடியில் ரயில் விட்டவர்களுக்கும் இந்த யோசனை தோன்றவில்லை. மதுவிலக்கு அமலில் இருந்த 1980-ஆம் வருடம் பங்குனி மாதத்தில் கொடைக்கானலில் இந்தச் சாதனை நிகழ்ந்தது. அதற்காக ஒருவரும் மாலை போட்டுக்கொள்ளவில்லை. அந்த அடக்கத்தையும் சேர்த்தே பாராட்ட வேண்டும்.

படகின் பெயர் ராஜாத்தி. உரிமையாளர் பெயர் உபகாரம். ஏரியில் மற்ற எல்லாரும் துடுப்புப் போட்டுக்கொண்டிருக்க, அவர் ஒருவர்தான் மோட்டார் படகு வைத்திருந்தார். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரிடமிருந்து வந்த படகு அது. சீசனில் சுற்றுலாக்காரர்களை ஏற்றுவார். யாராவது படகில் எழுந்து நின்று போட்டோ எடுக்கப் போய்த் தண்ணீரில் விழுந்தால், விரைந்து போய் அள்ளிக்கொண்டு வருவார். இதுவரை பதினொரு பேர். அதில் ஒன்பது பேர் கரையேறியதும் முதலில் கேட்டது கேமராவைத்தான்.

அந்த வருடம் கலப்பு பெட்ரோல் ஆணை வந்தது. கரும்பாலைக் கழிவில் சாராயம் வடித்து, அதைப் பெட்ரோலில் கலந்து விற்க வேண்டும். அந்நியச் செலாவணி மிச்சமாகும், கரும்பு விவசாயி வாழ்வார், நாடு நிமிர்ந்து நிற்கும். மலைமேல் இருந்த ஒரே பங்க்கில் முதல் வாரமே கலப்பு வந்துவிட்டது. நாடு நிமிர்ந்து நின்றதா தெரியாது. ராஜாத்தி நடு ஏரியில் நின்றது.

சாராயத்துக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. கொடைக்கானல் பனிமூட்டமோ, டேங்க் மூடியைத் திறந்தால் அழைக்காமலே உள்ளே வந்து உட்காரும். சாராயம் அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு, பெட்ரோலை விட்டுப் பிரிந்து, அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இன்ஜின் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். இரண்டு மடக்குக் குடிக்கும், இருமும், நின்றுவிடும். கார் நின்றால் இறங்கித் தள்ளலாம். ஏரியில் இறங்கித் தள்ள முடியாது என்பதை ஆணை எழுதியவர்கள் கவனித்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் அலுவலக மாடியிலிருந்து பார்த்தால் ஏரி தெரியாது.

உபகாரம் ஒரு பாட்டில் கலப்பு பெட்ரோலை எடுத்துக்கொண்டு 'மலைவட்ட எரிபொருள் மற்றும் மதுவிலக்கு ஒருங்கிணைப்பு அலுவலக'த்துக்குப் போனார். பாட்டிலின் அடியில் மூன்று விரற்கடைக்குத் தண்ணீர் தனியாகத் தெரிந்தது. அதிகாரி குருநாதன் நேர்மையானவர். லஞ்சம் வாங்க மாட்டார். யார் வாங்கிக் கொடுத்தாலும் டீ கூடக் குடிக்க மாட்டார். வீட்டிலிருந்து பிளாஸ்கில் சுக்குக்காப்பி கொண்டுவருவார். இப்படிப்பட்டவர்களால்தான் நாடு இப்படி இருக்கிறது.

“சார், பெட்ரோலுக்கு அடியில தண்ணியா கெடக்கு. ராஜாத்திக்கு மட்டும் கலக்காத பெட்ரோலு கொடுக்கச் சொல்லுங்க. பங்குனி முடியிறதுக்குள்ள படகை ஓட்டிக் காட்டினாத்தான் லைசென்ஸு. லைசென்ஸு போச்சுன்னா எங்களுக்கு வேற சோலி தெரியாது சார்.”

குருநாதன் பாட்டிலை முகர்ந்தார். முகம் கறுத்தது.

“இதுல சாராய வாடை வருதே?”

“ஆமா சார். அப்படித்தான ஆணை போட்டிருக்கீங்க.”

“அது எரிபொருள் பிரிவு ஆணை. நான் இப்ப மதுவிலக்குப் பிரிவுல உக்காந்திருக்கேன்.”

“எரிபொருள் பிரிவு எங்க சார் இருக்கு?”

குருநாதன் எழுந்தார். மேஜையைச் சுற்றி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். “இதுதான். சொல்லுங்க.”

உபகாரம் மறுபடி முதலிலிருந்து சொன்னார். எரிபொருள் பிரிவு பொறுமையாகக் கேட்டது. கலக்காத பெட்ரோல் கொடுக்க ஆணையில் இடமில்லை என்று வருந்தியது. பிறகு மேஜையைச் சுற்றிப் போய், மதுவிலக்குப் பிரிவாக உட்கார்ந்து, சாராயம் கலந்த எதையும் பர்மிட் இல்லாமல் வைத்திருந்தால் சிறை என்று எச்சரித்தது.

“அப்ப காரு, ஜீப்பு எல்லாம் அதைத்தான சார் குடிக்குது?”

“அது ரோட்டுல போறது, வேற டிபார்ட்மெண்ட் பாத்துக்கும். தண்ணியில நிக்கிறது என் பொறுப்பு.” குருநாதன் ஒரு படிவத்தை நீட்டினார். “பர்மிட் எழுதிக் கொடுத்துட்டா உங்களுக்கும் தொந்தரவு இல்ல, எனக்கும் இல்ல.”

மது அருந்தாமல் உயிர் வாழ முடியாதவர்களுக்கான படிவம் அது. படகுகளுக்கென்று தனிப் படிவம் அச்சாகி வரவில்லை. இருவரும் உட்கார்ந்து நிரப்பினார்கள்.

“வயசு?”

“இன்ஜின்ல 1949-ன்னு வெட்டியிருக்கு சார்.”

“முப்பத்தொண்ணு. நல்லவேளை. முப்பதுக்குக் கீழன்னா குடுக்க மாட்டோம். தகப்பனார் பேரு?”

“சீமைக் கம்பெனிங்க.”

“காலமாகிட்டாரா?”

“மூடிட்டாகன்னு கேள்வி.”

‘காலஞ்சென்ற’ என்று எழுதிக்கொண்டார். “குடிச்ச பிறகு நடத்தை எப்படி?”

“நடுவழியில படுத்துக்கிருது சார். எழுப்புனாலும் எந்திரிக்க மாட்டேங்குது.”

“சண்டை, கெட்ட வார்த்தை?”

“அது நான்தான் சார் பேசுறேன்.”

அடுத்தது மருத்துவச் சான்று. டாக்டர் வெகுநேரம் மறுத்தார். கடைசியில், சான்று இல்லாமல் இந்த மனிதர் போக மாட்டார் என்று தெரிந்ததும், ஸ்டெதாஸ்கோப்பை இன்ஜின்மேல் வைத்துக் கேட்டுவிட்டு, ‘மது கிடைக்காவிட்டால் அசைவற்றுப் போகும் அபாயம் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். மது கிடைத்ததால்தான் அசைவற்றுப் போகிறது என்பதை உபகாரம் சொல்ல வாயெடுத்தார். உண்மையைச் சொன்னால் சான்று செல்லாது என்று டாக்டர் தடுத்துவிட்டார்.

பர்மிட் வந்த அன்று அதைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டினார் உபகாரம். அவர் மனைவி புஷ்பமேரி அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏங்க, இருபது வருசமா நீங்க தொடாம இருந்தீகன்னு ஊருக்குள்ள தலைநிமிந்து நடந்தேன். கடைசியில படகு குடிகாரியாப் போச்சே!”

உபகாரம் சிரிக்கவில்லை. பங்குனி பாதி போய்விட்டது. துடுப்புப் போடுகிற வயதும் அவருக்குப் போய்விட்டது. இந்தப் படகு ஓடாவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, உண்மையாகவே பயந்துபோயிருந்தார்.

சோதனை ஓட்டத்துக்குக் குருநாதனே வந்தார். பர்மிட் பெற்றவரின் நடத்தையைக் கண்காணிப்பது மதுவிலக்குப் பிரிவின் வேலை. படகு கலப்பில் ஓடுகிறதா என்று பார்ப்பது எரிபொருள் பிரிவின் வேலை. இரண்டு பிரிவும் ஒரே பலகையில் உட்கார்ந்துகொண்டன. உபகாரம் அதிகாலையிலேயே டேங்க் அடியில் இருந்த தண்ணீரை வடித்து, பெட்ரோலைத் துணியில் வடிகட்டி, மூடியை மெழுகால் அடைத்திருந்தார். ராஜாத்தி கெட்டிக்காரியாகப் பாதி ஏரி வரை போனாள். பனிமூட்டம் இறங்கியது. ராஜாத்தி இருமினாள். நின்றாள்.

“ஏன் நின்னுருச்சு?”

“சொன்னேனே சார், தண்ணி இறங்கிருச்சு. அசையாம உக்காருங்க, துடுப்புப் போட்டுப் போயிருவோம்.”

“இதை ரிப்போர்ட்ல பதிவு பண்ணணும். எந்த இடத்துல நிக்கிறோம்?” என்று கேட்டபடியே, கரை தெரிகிறதா என்று பார்க்கக் குருநாதன் எழுந்து நின்றார்.

“சார், நிக்காதீங்க! ஐயோ, உக்காருங்க!”

பன்னிரண்டாவது ஆளாகக் குருநாதன் விழுந்தார். காப்பாற்றப் போகவேண்டிய ஒரே மோட்டார் படகு, அவர் விழுந்த படகுதான். உபகாரம் சட்டையோடு குதித்தார். பனிக்காலம் முடியாத ஏரி. எலும்பு வரைக்கும் குளிர் ஏறியது. இரண்டு தடவை முங்கி, மூன்றாவது தடவை குருநாதனின் காலர் கையில் சிக்கியது. அந்த வயதில் எப்படி நீந்தினார் என்று அவருக்கே தெரியாது. கரைக்கு இழுத்துப் போட்டபோது அதிகாரிக்கு மூச்சில்லை.

மிஷன் மருந்தகத்து நர்ஸ் லீமா ஓடி வந்தாள். விழுந்தவர்களுக்கு வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதும் முறையைப் படகுக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். குருநாதனின் நெஞ்சை அவள் அமுக்க, உபகாரம் ஊதக் குனிந்தார். குளிரில் அவர் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டதில் உதடு சேரவே இல்லை. மூச்செல்லாம் வெளியே போனது.

லீமா மருந்துப் பெட்டியிலிருந்து பிராந்திக் குப்பியை எடுத்து நீட்டினாள். “அண்ணே, இதை ஒரு மடக்குக் குடிங்க. நடுக்கம் நின்னாத்தான் ஊத முடியும்.”

“வேணாம் சிஸ்டர், நான் தொட்டதில்ல.”

“வெரசாக் குடிங்கண்ணே, ஆளு போயிருவாரு!”

உபகாரம் குடித்தார். நெஞ்சு எரிந்தது, நடுக்கம் நின்றது. குனிந்து ஊதினார். பதினான்காவது மூச்சில் குருநாதன் இருமிக்கொண்டு கண்ணைத் திறந்தார். உபகாரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

மறுநாள் காலை அந்த நேர்மையான மனிதர் அலுவலகத்துக்கு வந்ததும் செய்த முதல் வேலை, உபகாரத்தின்மேல் வழக்குப் பதிவு செய்தது. பர்மிட் இல்லாமல் மது அருந்தியது குற்றம். சுவரில் இருப்பது படகின் பர்மிட். மது வழக்கில் தண்டனை பெற்றவருக்குப் படகு லைசென்ஸ் கிடையாது என்பது தனி விதி.

வழக்கு நடந்த அன்று புஷ்பமேரி கோர்ட் வாசலில் ஜெபமாலை உருட்டிக்கொண்டு நின்றாள். உயிர் பிழைத்த மனிதர் நடந்த உண்மையைச் சொல்லிவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டாள். குருநாதன் உண்மையைத்தான் சொன்னார்.

“எதிரியின் வாயில் மது வாடை வந்ததா?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

“வந்தது, ஐயா.”

“மயக்கத்தில் இருந்திருக்கிறீர்கள். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?”

“அவர் விட்ட மூச்சு நேரா என் நெஞ்சுக்குள்ளதான் ஐயா வந்தது. அது வந்திருக்காட்டி, சாட்சி சொல்ல நான் உயிரோட இருந்திருக்க மாட்டேன்.”

இதைவிட நெருங்கிய சாட்சி அந்தக் கோர்ட்டுக்கு வந்ததில்லை. மாஜிஸ்திரேட் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, உபகாரத்துக்கு மூன்று மாதம் கொடுத்தார்.