பெரு நாட்டுப் பெண்களுக்கு நான் வைத்த பொட்டு

என் மருமகன் நம்பிக் கொடுத்த ஓவியத்தை நான் பாழாக்கினேன். யாரும் தூண்டவில்லை. மனைவி கொஞ்சம் தூண்டினாள். (பழியில் பாதியை அவள் தலையில் போடும் புத்தி இந்த வயதிலும் போகவில்லை.)

மருமகன் கப்பலில் வேலை செய்பவர். எர்ணாவூரில் கட்டிய புது வீட்டுக்காகப் பெரு நாட்டிலிருந்து அந்தப் படத்தைக் கொண்டுவந்தார். "கிரகப்பிரவேசத்துக்கு நீங்கதான் ஹால்ல மாட்டணும் மாமா" என்று என்னிடம் கொடுத்தார். ஆண்டீஸ் மலைக் கிராமம். படிப்படியாக வயல்கள், ஆடு போல ரோமமும் நீண்ட கழுத்துமாக லாமா என்ற மிருகங்கள், வட்டத் தொப்பியும் இரட்டைச் சடையுமாகப் பெண்கள். முகங்கள் மட்டும் வெறும் பழுப்பு வட்டங்கள். அது அந்த ஓவியரின் பாணி.

"இன்னாங்க இது, ஒருத்திக்கும் கண்ணு மூக்கு இல்ல, நெத்தியில பொட்டு இல்ல. நல்ல காரியத்துல இதைப் போயி மாட்டுவாங்களா?" என்றாள் மனைவி.

நான் பெயிண்ட் தொழிற்சாலையில் நிறம் சரிபார்த்து ஓய்வுபெற்றவன். டப்பாவைத் திறக்கத் தெரிந்தால் படமும் வரையலாம் என்று நினைப்பு. எனாமல் பெயிண்டை எடுத்து எல்லோருக்கும் கண் திறந்தேன். சிவப்புப் பொட்டும் வைத்தேன். எனக்கு மனப்பாடமான பெண்முகம் ஒன்றுதான். ஆகவே ஆண்டீஸ் மலை முழுக்க என் மனைவியே நின்றாள், லேசான மாறுகண்ணோடு.

கிரகப்பிரவேசத்தன்று மைத்துனன்தான் முதலில் பார்த்தான். "யக்கா, நீ எப்போ அங்க போயி ஆடு மேய்ச்சுகினு இருந்தே?"

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். மருமகன் சிரிக்கவில்லை. கூடை சுமந்த ஒருத்தியைத் தொட்டுக் காட்டினார்.

"இது எங்கம்மா மாமா."

அவருடைய அம்மா ராயபுரத்தில் மீன் விற்றவர். இவர் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது.

"மூஞ்சி வரையாததாலதான் வாங்கினேன். இதைப் பாத்துகினே இருந்தா அம்மா மூஞ்சி தானா வரும். இப்போ அத்தைதான் வர்றாங்க."

டர்பன்டைன் போட்டுத் துடைத்துப் பார்த்தேன். மாறுகண் போகவில்லை, கூடைதான் போயிற்று.

பிறகு ராயபுரத்துக்குப் போனேன். அந்த அம்மாவோடு கூடை போட்டு மீன் விற்றவர்கள் யாராவது அடையாளம் சொன்னால், நல்ல ஓவியரிடம் வரையச் சொல்லலாம் என்பது திட்டம். விசாரித்து விசாரித்து ஒருத்தியைக் கண்டுபிடித்தேன்.

"மூஞ்சியா? யாவார நேரத்துல மூஞ்சிய எவ பாத்தா நைனா? அவ வாய்தான் ஞாபகம் கீது" என்றவள், அந்த அம்மா மகனைத் திட்டுவதை அப்படியே திட்டிக் காட்டினாள்: "டேய் சோமாரி, இஸ்கூலுக்குப் போவாம இங்க இன்னாடா வேலை? இந்த நாத்தம் என்னோட போவட்டும், ஓடு!"

செல்போனில் பதிவுசெய்து கொண்டுவந்து மருமகனிடம் போட்டுக் காட்டினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை சோற்றிலேயே நின்றது.

"இன்னொரு தபா போடுங்க மாமா."

போட்டேன். கேட்டு முடித்ததும் சொன்னார்: "குரல் அது இல்ல. திட்டு அதேதான்."

படம் இன்னும் அந்த ஹாலில்தான் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் பேரப்பிள்ளைகள் "எங்க ஆயா ஊரு" என்று காட்டிச் சிரிக்கிறார்கள். நான் போனால் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன்.