குடிநீர் வாரியத்தின் ஓடை

எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும் என்று பொதுமக்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்பது குடிநீர் வாரியத்தின் தலையாய கடமை. அந்தத் தலையாய கடமையை வாரியத்தில் ஒரே ஒருத்திதான் செய்துவந்தாள். அறிவிப்பு வண்டியில் உட்கார்ந்து, "நாளைக் காலைல தண்ணி வரும், பிடிச்சு வச்சுக்குங்க" என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே போவாள். ஊரே அவளை மைக் அக்கா என்றது.

ஒரு நாள் வண்டி படுத்துவிட்டது. அதைப் பழுதுபார்க்கும் கோப்பும் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. அந்தச் சமயம் பார்த்துப் பெரிய பொறியாளர் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்தார். போகும்போது சும்மாதான் போனார். வரும்போது கழுத்தில் ஹெட்போன் தொங்கியது.

"இனிமே வண்டி வேண்டாம். பாட்காஸ்ட் தொடங்கறோம்" என்றார்.

மைக் அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். வண்டி வேண்டாமென்றால் வண்டிக்குள் இருப்பவளும் வேண்டாம்தானே?

"அதுல பேசறதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல சார்?" என்று மெல்லக் கொக்கி போட்டாள்.

விளக்கம் சொல்லக் கணினிப் பிரிவுப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். "பேசிப் பதிவு பண்ணி ஒரு இடத்துல போட்டு வைப்போம் சார். அதோட தலைப்பு, தேதி, அது எங்க இருக்குங்கற முகவரி, எல்லாத்தையும் ஒரு கோப்புல வரிசையா எழுதி வைப்போம். அந்தக் கோப்புக்குத்தான் ஓடைன்னு பேரு. ஜனங்க ஒரு தடவை சேர்ந்துட்டாப் போதும். அவங்க போன்ல இருக்கிற செயலி அப்பப்ப வந்து ஓடையை எட்டிப் பாக்கும். புதுசா ஏதாவது இருந்தா தானே எடுத்துட்டுப் போயிடும்."

"யார்கிட்ட அனுமதி வாங்கி?"

"யார்கிட்டயும் இல்ல சார்."

"விண்ணப்பம்?"

"கிடையாது."

"எடுத்துட்டுப் போனவங்க கையெழுத்தாவது?"

"அவங்க பேரே நமக்குத் தெரியாது சார்."

பொறியாளரின் முகம் வெளுத்தது. "அப்போ இத்தனை வருஷமா ஜனங்களை எதுக்கு வரிசையில நிக்க வச்சோம்?"

இதை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. குழுவுக்கு வேறெதுவும் பிடிபடவில்லை; ஓடை என்ற சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஓடை என்றால் நீர்நிலை. நீர்நிலை என்றால் வாரியத்தின் ஆளுகை. ஆகவே ஒப்புதல் தாராளமாக வழங்கப்பட்டது. பழைய பதிவுகளை நீக்குவதற்குத் 'தூர் வாருதல்' என்ற தலைப்பில் நிதி ஒதுக்கப்பட்டது. கரையில் ஆக்கிரமிப்பு உண்டா என்று பார்த்துவரப் போனவர், கணினிப் பிரிவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஆக்கிரமிப்பு இல்லை, ஒரு நாற்காலி மட்டும் குறுக்கே கிடக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்.

முதல் பதிவு அரை நிமிடம். பள்ளிக்கூடத் தெருவுக்கு நாளைக் காலையில் தண்ணீர் என்று மைக் அக்கா சொன்னாள், அவ்வளவுதான். ஊர் தலையில் வைத்துக் கொண்டாடியது. பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டார்கள், துணி மடித்துக்கொண்டே கேட்டார்கள்.

"இவ்வளவு பேர் கேக்கறாங்க, இத்துனூண்டு இருந்தா துறைக்கு மரியாதையா?" என்றார் பொறியாளர்.

முதலில் இசை சேர்ந்தது. அடுத்து அவருடைய வரவேற்புரை. அப்புறம் 'குழாயும் நானும்' என்று அவருடைய அனுபவத் தொடர். அதைக் கேட்டு நடுநடுவே சிரிப்பது மைக் அக்காவின் பொறுப்பு. முதல் வாரம் கடமைக்குச் சிரித்தாள். கடையில் ஒருவர் "உங்க சிரிப்புக்காகவே கேக்கறேங்க" என்றதிலிருந்து மனமாரச் சிரித்தாள். தண்ணீர் அறிவிப்பு நகர்ந்து நகர்ந்து ஒரு மணி நேரப் பதிவின் கடைசிக்குப் போய்விட்டது.

"தண்ணி விஷயத்தை முதல்ல சொல்லிடலாமே சார்?"

"முதல்லயே சொல்லிட்டா மீதியை யாரும்மா கேப்பாங்க?"

மனசு கேட்காமல் ஒரு நாள் பழையபடி அறிவிப்பை மட்டும் பதிவு செய்து போட்டுவிட்டாள். அவ்வளவுதான், வாரியத்தின் வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"என்னங்க இது அநியாயம்? வெறும் தண்ணியைப் பத்தியே பேசிட்டு விட்டுட்டீங்க!"

பொறியாளர் கண் கலங்கிவிட்டார். மக்கள் விருப்பத்துக்குத் தலைவணங்கி, அன்றிலிருந்து நாள் முழுக்கப் பதிவு என்று உத்தரவிட்டார். பக்கத்து அறையிலிருந்த பம்பின் இரைச்சல் ஒலிப்பதிவைக் கெடுத்ததால் பம்ப் நிறுத்தப்பட்டது. தண்ணீர் வரவில்லை என்று ஒரு புகார்கூட வரவில்லை என்பதை அந்த ஆண்டின் அறிக்கை பெருமிதத்துடன் குறிப்பிட்டது.

ஒரு நாள் மாலை, சிரித்துச் சிரித்துத் தொண்டை வறண்டு மைக் அக்கா வீடு வந்து சேர்ந்தாள். குடம் காலி. குழாயைத் திறந்தால் காற்று வந்தது. தையல்காரரான கணவர், தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டு, இரண்டு காதிலும் இயர்போனோடு கண்மூடி உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, குடிக்க ஒரு வாய்த் தண்ணிகூட இல்லையே, பாத்தீங்களா?"

"ஷ்... சும்மா இரு. நீ சிரிக்கிற இடம் வருது."

அவளுக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு காதிலிருந்ததைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பின்னால தள்ளுங்க" என்றாள். "முதல்லேருந்து கேப்போம்."