பத்து போல்டும் ஒரு மைக்கும்

இந்த வருடம் மாமனார் வீட்டில் பாடுவதில்லை என்று பிங்ஷான் தீர்மானித்துவிட்டான். சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் மனைவியைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போகாவிட்டால் தைவானில் தலைகாட்ட முடியாது. போனாலோ மாமனார் அவன் கையில் மைக்கைத் திணிப்பார். பாட்டு முடிந்ததும் கரோக்கி மெஷின் மார்க் போடும். போன வருடம் நூற்றுக்கு முப்பத்தொன்பது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அல்லவா, மாமனார் அதை இரண்டு தடவை உரக்க வாசித்தார். அந்த மானக்கேடு அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால், கார் ரேடியேட்டர் தண்ணீரைக் குடிக்கிறதென்று சொல்லி, இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினான். குடித்தது உண்மைதான். ஆனால் இன்னும் ஒரு மாதம் தாங்கியிருக்கும்.

"என்னங்க, கேஸ்கெட்தான் புதுசு இருக்கே. பழைய போல்டையே போட்டு முடுக்குங்களேன்" என்றாள் மனைவி யூச்சின், கையில் துடைப்பத்தோடு.

"இது என்ன கதவுத் தாழ்ப்பாளா? ஒரு தடவை முறுக்கினா இந்த போல்டு நீண்டுபோயிடும், மறுபடி பிடிக்காது. பத்தும் புதுசா இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் கசியும்!"

"சரி, வாங்கிட்டு வாங்க."

"கடைக்காரன் மூடிட்டான், இனி புத்தாண்டு ஆறாம் நாள்தான் திறப்பான். ரயில்லயும் டிக்கெட் இல்ல. உங்கப்பாவ நெனச்சாத்தான் மனசு கேக்கல."

கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான். கையிலிருந்த கிரீஸ் முகமெல்லாம் அப்பியது.

"பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று அவள் வீடு சுத்தம் செய்யப் போனாள். பண்டிகைக்கு முன்னால் மூலைமுடுக்கு விடாமல் தட்டித் துடைக்கும் நாள் அது. போன வாரமே பத்துப் புது போல்டுகளை வாங்கி, கிழிந்த மழை பூட்ஸுக்குள் ஒளித்துவைத்த மகராசனுக்கு அது மட்டும் ஞாபகம் வரவில்லை.

இரண்டாம் நாள் காலை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மாமனார், மாமியார், மூன்று மச்சினர்கள், அவர்கள் தோளில் கரோக்கி மெஷின்.

"நீங்க வர முடியலன்னா என்ன மாப்ளே? நாங்க வந்துட்டோம்!"

புத்தாண்டுப் பணம் வைத்துக் கொடுக்கும் பெரிய சிவப்பு உறை ஒன்றை யூச்சின் நீட்ட, மாமனார் அதை வாங்கிக் குலுக்கினார். உள்ளே கலகலவென்று இரும்புச் சத்தம். பிங்ஷான் சட்டென்று மழை பூட்ஸ் இருந்த மூலையைப் பார்த்தான். பூட்ஸ் இரண்டும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"பத்தும் புதுசு. ஒரு பாட்டுக்கு ஒரு போல்டு."

"ஒரே ஒரு பாட்டு போதாதா மாமா?" என்று கெஞ்சினான்.

யூச்சின் மைக்கைத் துடைத்து அவன் கையில் கொடுத்தாள். "ஒண்ணு குறைஞ்சாலும் கசியும்னு நீங்கதானே சொன்னீங்க?"