ரிட்டர் அண்ணையும் நாலு மணிக் கையெழுத்தும்

ஜெர்மனியில் மிஞ்சியிருந்த கடைசிக் குதிரைவீரர் ஒரு மன்னார்க்காரர். குதிரை இல்லை, பஸ் பாஸ் இருந்தது. எசனில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் நாங்கள் நாலு பேர் கழிப்பறை கழுவினோம். அவர் மட்டும் நூலகத்தில் பழைய குதிரைவீரர் காவியங்களை எடுத்து வாசித்து, அதன்படியே வாழவும் துணிந்தார். குதிரைவீரனுக்கு ஜெர்மன் சொல் ரிட்டர். ஆகவே, ரிட்டர் அண்ணை.

ஒருமுறை ரயிலில் ஒரு பெண்ணுக்கு எழுந்து இடம் கொடுத்தார். அவள் வெட்கப்பட்டு மறுத்தாள். இவரோ மறுபடி உட்கார மறுத்தார். கெல்சென்கிர்ச்சன் வரை இருக்கை மட்டும் சொகுசாகப் பயணம் செய்தது.

“ரிட்டர் எண்டா வாள்வீச்சு மட்டுமில்லை, தம்பி. விழுந்தவனை வெட்டக்கூடாது. குடுத்த சொல்லு ஆண்டவருக்குக் குடுத்த சொல்லு” என்பார், வாளியில் துடைப்பத்தைப் பிழிந்தபடி.

கழிப்பறைக் கதவில் ஒரு தாள் தொங்கும். கழுவியதும் நேரத்துக்கு நேரே கையெழுத்திட வேண்டும். நாங்கள் காலையிலேயே நாள் முழுவதற்கும் கிறுக்கிவிடுவோம். அண்ணை நிலம் காய்ந்த பிறகே போடுவார்.

ஒருநாள் மேற்பார்வையாளர் மூன்று மணிக்கு வந்தார். நாலு மணி இன்னும் பிறக்கவில்லை. என் கையெழுத்து பிறந்திருந்தது. யாருடைய கிறுக்கல் என்று அவருக்குப் புரியவில்லை. பொய் சொல்லாதவர் யாரென்பது மட்டும் தெரியும். அண்ணையைக் கூப்பிட்டார்.

“அண்ணை, தெரியாதெண்டு சொல்லுங்கோ. வேலை போனா என்ர மனுசியை இஞ்ச கூப்பிடப் போட்ட அன்ட்ராக் விண்ணப்பமும் போச்சு!”

“பொய் சொல்ல ஏலாது, தம்பி.”

நான் செத்தேன் என்று நினைத்தேன். அண்ணை உள்ளே போய், “யாரென்று தெரியும். சொல்லமாட்டேன்” என்றார். சொல்லாவிட்டால் வேலை இல்லை என்றார்கள். சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தார். வெளியில் நின்ற வீரன் நான், வாயே திறக்கவில்லை.

அண்ணைக்கு ஹம்பேர்க்கில் வேறு வேலை கிடைத்தது. ஸ்டேஷனுக்குப் பெட்டி தூக்கிப் போனேன்.

“அண்ணை, போய் உண்மையைச் சொல்லட்டே?”

“உம்மட மனுசி வரட்டும். பிறகு நீர் சொல்லும்.”

என் மனைவி வந்தாள். நான் சொல்லவில்லை. இன்றைக்குத் தடிமன் காய்ச்சல், நாளைக்கு மழை என்று இரண்டு குளிர்காலம் ஓட்டினேன். பிறகொரு காலை, அண்ணை நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று போன் வந்தது.

அன்றே அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். மேற்பார்வையாளர் மாறியிருந்தார். புதியவர் கணினியில் தேடிக் களைத்து, “யார் அந்த ஆள்? உங்களுக்கு என்ன உறவு?” என்று கேட்டார்.

“என் சொந்த அண்ணன்” என்றேன்.